பூஜ்யத்துக்குக் கீழே 30

வகுப்பில் 24 பையன்கள். எல்லோரும் முழுப் பரீட்சை எழுத உட்கார்ந்திருக்கிறார்கள். உபாத்தியாயர் ஒருவனை மட்டும் தனியே கூப்பிடுகிறார். "அப்பனே, நீ எத்தனை மார்க் வாங்கினாலும் அதில் 30-ஐக் கழித்து விடுவேன். கடைசி இரண்டு இடத்தில் வருகிறவர்களுக்கு இந்தப் பள்ளிக்கூடத்திலேயே இடமில்லை. தெரிந்ததா? போய் எழுது!" என்கிறார். பையன் செய்த குற்றம் என்ன? அவன் ஒன்றும் செய்யவில்லை. அவன் உட்கார்ந்திருக்கும் பெஞ்சியில் முன்பு உட்கார்ந்திருந்தவன் தில்லுமுல்லு செய்தான். அவன் எழுந்து போய்விட்டான். பெஞ்சி அங்கேயே இருக்கிறது. ஆகவே இப்போது அதில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தண்டனை!

இது கட்டுக்கதையல்ல. இங்கிலாந்தில் லூட்டன் டவுன் என்ற கால்பந்துக் கோஷ்டிக்கு 2008-09 பருவத்தில் நேர்ந்த கதி இதுவே. குறைந்தபட்சம், லூட்டன் ரசிகர் அந்தக் கதையை இப்படித்தான் சொல்லுவார். அவர் சொல்வதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்பதைப் போகப் போகப் பார்க்கலாம்.

இங்கிலாந்துக் கால்பந்து லீக் ஒரு மாடிப்படி. மேலிருந்து கீழாக நாலு டிவிஷன்கள். மொத்தம் 92 கோஷ்டிகள். முதல் டிவிஷனாகிய பிரீமியர் லீகில் 20, மற்ற மூன்றிலும் தலா 24. பருவ முடிவில் பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள் ஒரு படி ஏறுவார்கள்; அடியில் இருப்பவர்கள் ஒரு படி இறங்குவார்கள். நாலாவது டிவிஷனின் அடியில் வரும் இரண்டு கோஷ்டிகளுக்கு அதற்குக் கீழே படி கிடையாது, தெருதான். லீகை விட்டே வெளியேறி, கான்பரன்ஸ் என்று அப்போது வழங்கிய பந்தய வரிசையில் சேர வேண்டும். பகலில் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு மாலையில் பந்து உதைக்கிறவர்களும் இருக்கும் இடம் அது. ஜயித்தால் 3 பாயிண்டு, டிராவானால் 1. இவ்வளவு தெரிந்தால் லூட்டன் ரசிகரின் துயரம் புரிந்துவிடும்.

தொப்பி செய்த ஊர்

லூட்டன், லண்டனுக்கு வடக்கே சுமார் 50 கிலோ மீட்டர் தூரத்தில் உள்ள தொழில் நகரம். ஒரு காலத்தில் வைக்கோல் தொப்பிக்குப் பேர் போனது. பிறகு வாக்ஸால் மோட்டார்த் தொழிற்சாலை வந்தது. விமான நிலையமும் வந்தது. கோஷ்டிக்குத் "தொப்பிக்காரர்கள்" என்ற பட்டப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1885-ல் தோன்றிய கோஷ்டி. 1905 முதல் கெனில்வொர்த் ரோடு மைதானத்தில் ஆடி வருகிறது. அந்த மைதானத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெளியூர் ரசிகர்கள் நுழைகிற வாசல், வரிசை வீடுகளுக்கு நடுவே வீட்டோடு வீடாக இருக்கிறது. உள்ளே புகுந்து படியேறினால், பக்கத்து வீட்டுக் கொல்லையில் கொடியில் காயும் துணிகள் கண்ணுக்குத் தெரியும்! ஊருக்கும் ஆட்டத்துக்கும் நடுவே அங்கே சுவர்கூட முழுசாக இல்லை.

ஊர்க்காரர்களிடம் சொல்லிப் பெருமைப்படப் பழங்கதைகளும் உண்டு. 1983-ல் பருவத்தின் கடைசி நாள், மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் ஜயித்தால்தான் முதல் டிவிஷனில் தங்கலாம் என்ற நிலையில், ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கும்போது ராடி ஆன்டிச் கோல் போட்டார். மானேஜர் டேவிட் பிளீட் கோட்டும் சூட்டுமாகப் புல்தரையில் துள்ளிக் குதித்து ஓடிய காட்சியை இன்றும் டெலிவிஷனில் போட்டுக் காட்டுகிறார்கள். 1988-ல் வெம்பிளி மைதானத்தில் ஆர்ஸனலை 3-2 என்று தோற்கடித்து லீக் கோப்பையை வாங்கினார்கள். அன்றைய கோஷ்டியில் நெடிய உருவமும் முரட்டு ஆட்டமுமாக முன்னணியில் நின்றவர் மிக் ஹார்போர்டு. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையில் மறுபடி வருவார்.

1992-ல், பிரீமியர் லீக் என்ற பணச்சுரங்கம் திறப்பதற்கு முந்திய பருவத்தில், லூட்டன் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. அதிர்ஷ்டம் என்பது சில பேருக்கு ஒரு நாள் தாமதமாக வரும். லூட்டனுக்கு அது ஒரு வருஷம் தாமதமாக வந்தது. அப்புறம் கடன் மேல் கடன். பத்தாண்டுக்குள் மூன்று முறை கோஷ்டி திவாலை எட்டிப் பார்த்து, கோர்ட்டு நிர்வாகியின் கைக்குப் போய்த் திரும்பியது.

யார் செய்த வினை?

2007 நவம்பரில் மூன்றாம் முறை நிர்வாகியின் கைக்குப் போனபோது 10 பாயிண்டு பறிபோயிற்று. அந்தப் பருவ முடிவில் மூன்றாவது டிவிஷனில் கடைசி இடம். அதற்கு முந்திய வருஷம்தான் இரண்டாவது டிவிஷனிலிருந்து இறங்கியிருந்தார்கள். இரண்டு வருஷத்தில் இரண்டு படி.

இதற்குள் ஒரு நல்ல காரியம் நடந்தது. கோஷ்டியின் அபிமானிகளே கூடி ஒரு குழு அமைத்து, அதை வாங்கினார்கள். தலைவராக வந்தவர் டெலிவிஷன் அறிவிப்பாளர் நிக் ஓவன். சிறு வயது முதலே லூட்டன் ரசிகர். பழைய நிர்வாகம் போயிற்று. கடன்காரனுக்குப் பயந்து தூங்காமல் கிடந்த வீட்டில் புது மனிதர்கள் விளக்கேற்றினார்கள். இனி நல்ல காலம் என்று ஊரே எண்ணிய சமயத்தில், 2008 கோடையில், இரண்டு இடிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன.

முதல் இடி, கால்பந்துச் சங்கத்திலிருந்து. பழைய நிர்வாகத்தின் காலத்தில் ஆட்டக்காரர்களின் தரகர்களுக்கு விதிக்குப் புறம்பாகப் பணம் கொடுக்கப்பட்டது என்று சொல்லி 10 பாயிண்டு பறித்தார்கள். இரண்டாவது, லீக் நிர்வாகத்திடமிருந்து. கடன் கொடுத்தவர்களோடு முறைப்படி சமரச உடன்படிக்கை செய்துகொண்டு நிர்வாகியின் கையிலிருந்து வெளிவர வேண்டும் என்பது ஷரத்து. லூட்டனால் அந்த உடன்படிக்கை செய்ய முடியவில்லை. அதற்கு 20 பாயிண்டு. ஆக மொத்தம் 30. ஒரே சமயத்தில் இவ்வளவு பெரிய கழிவு இங்கிலாந்து லீகின் சரித்திரத்தில் அதற்கு முன் எந்தக் கோஷ்டிக்கும் விதிக்கப்பட்டதில்லை.

லூட்டன் ரசிகரின் வாதம் சுலபமானது. தரகர்களுக்குப் பணம் கொடுத்தது யார்? வெளியே போனவர்கள். கடன் வாங்கியது யார்? அவர்களே. இப்போது கோஷ்டியை நடத்துகிறவர்கள் யார்? டிக்கெட் வாங்கிக்கொண்டு ஆட்டம் பார்த்தவர்கள். மைதானத்தில் இறங்கப் போகிறவர்கள் யார்? பெரும்பாலும் புது ஆட்கள். பாயிண்டைப் பறித்தால் வலி யாருக்கு? சனிக்கிழமை தோறும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கெனில்வொர்த் ரோடுக்குப் போகிறாரே, அவருக்குத்தான்.

கடைக்காரரின் கட்சி

இதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. அதை ரசிகர் சொல்ல மாட்டார். ஆனால் நேர்மையான ரசிகர் கேட்டுக்கொள்வார்.

ஒரு கோஷ்டி கடனில் மூழ்கினால் நஷ்டம் யாருக்கு? கால்பந்து உலகத்தில் ஒரு வினோதமான சம்பிரதாயம் உண்டு. மற்றக் கோஷ்டிகளுக்குத் தர வேண்டிய பாக்கி, ஆட்டக்காரர்களின் சம்பளப் பாக்கி ஆகியவற்றைக் காசு குறையாமல் தீர்த்தாக வேண்டும். வரி இலாகாவுக்கும், பண்டம் பாத்திரம் கொடுத்த உள்ளூர் வியாபாரிக்கும் அப்போதெல்லாம் மிஞ்சினதுதான். பவுனுக்குச் சில பென்னி கிடைத்தால் உண்டு. வரி இலாகா இந்தச் சம்பிரதாயத்தின் மேல் கோபம் கொண்டு, இத்தகைய சமரச உடன்படிக்கைகளுக்குச் சம்மதம் தர மறுத்து வந்தது. லூட்டன் மாட்டிக்கொண்ட சிக்கலும் இதுவே.

கடனைத் திருப்பித் தராமலே மறுபடி ஆடலாம் என்றால், நாணயமாகச் செலவு செய்து கீழே தங்கிய கோஷ்டி என்ன பாவம் செய்தது? கடன் வாங்கி நல்ல ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு ஜயித்தவர்களுக்கு ஏதாவது ஒரு விதத்தில் தண்டனை வேண்டாமா? லீக் நிர்வாகத்தின் நியாயம் இது. இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் தண்டனை என்பது குற்றவாளி ஊரை விட்டுப் போன பிறகு அவன் வீட்டுக் கூரையைப் பிரிப்பதாக இருக்கலாமா என்பதுதான் கேள்வி. அந்த வீட்டில் இப்போது வேறு குடித்தனம் அல்லவா இருக்கிறது!

அதே பருவத்தில், அதே டிவிஷனில், அதே மாதிரி உடன்படிக்கைத் தவறுக்காக ரோதர்ஹாம், போர்ன்மவுத் என்ற இரு கோஷ்டிகளுக்குத் தலா 17 பாயிண்டு கழித்தார்கள். லூட்டன் ரசிகரின் வயிற்றெரிச்சலுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஏறாத ஏணி

2008 ஆகஸ்டில் பருவம் தொடங்கிற்று. பத்திரிகைகளில் லீக் பட்டியலைப் போடுகிறார்கள். 23 கோஷ்டிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் லூட்டன். எதிரே, மைனஸ் அடையாளத்தோடு ஓர் எண்.

மற்ற ஊர் ரசிகர் ஜயித்த மறுநாள் பத்திரிகையைப் பிரித்தால் தம் கோஷ்டி எத்தனை படி ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். லூட்டன் ரசிகர் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஜயித்தாலும் அதே கடைசி இடம். தோற்றாலும் அதே கடைசி இடம். எண் மட்டும் கொஞ்சம் குறையும். வட்டிக்கடையில் தவணை கட்டிவிட்டு வருகிறவன், ரசீதைப் பார்த்து ஆறுதல் அடைவது போல! 46 பந்தயங்களில் அவர்கள் கடைசியில் சம்பாதித்தது 56 பாயிண்டு. அந்த வேகத்தில் கணக்குப் போட்டால் 25-வது பந்தயத்தில்தான் கடன் தீர்ந்து பூஜ்யத்தைத் தொட முடியும். அதாவது பாதிப் பருவத்துக்கு மேல் உழைத்து, மற்றவர்கள் ஆகஸ்டில் நின்ற இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

மானேஜர் ஸ்தானத்தில் இருந்தவர் மிக் ஹார்போர்டு. 1988-ல் கோப்பை வாங்கிய கோஷ்டியில் ஆடியவரேதான். மூழ்கும் கப்பல் என்று தெரிந்தே அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரசிகருக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வேறு எந்த வருஷமாக இருந்தாலும் 16 தோல்விக்கு மானேஜரை ஒரு வழி பண்ணியிருப்பார்கள்.

உள்ளூர்ப் பந்தயங்களுக்குச் சராசரியாகச் சுமார் 6,000 பேர் வந்தார்கள். நாலாவது டிவிஷனுக்கு இது சின்னக் கூட்டமல்ல. முடிவு முன்கூட்டியே தெரிந்த நாடகத்துக்கு டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் அது. ஏன் வந்தார்கள்? கடைசி இடம் நிச்சயம் என்று ஆன பிறகு, ஆட்டம் ஆட்டமாக மட்டுமே மிஞ்சுகிறது. பட்டியலைப் பற்றிய கவலை போய், அன்றைய சனிக்கிழமை, அன்றைய 90 நிமிஷம், அவ்வளவுதான். இப்படி ஓர் அபூர்வமான சுதந்திரம் அந்த ரசிகர்களுக்குக் கிடைத்தது என்று சொன்னால் அவர்கள் அடிக்க வருவார்கள். ஆனாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை.

வெம்பிளியில் 40,000 பேர்

லீகில் கதவு சாத்தியிருந்தது. பக்கத்தில் ஒரு ஜன்னல் திறந்திருந்தது. மூன்றாவது, நாலாவது டிவிஷன் கோஷ்டிகளுக்கென்று தனியே ஒரு கோப்பைப் பந்தயம் இருந்தது. அப்போது அதற்கு ஜான்ஸ்டோன்ஸ் என்ற பெயிண்ட் கம்பெனியின் பெயரை வைத்திருந்தார்கள். பெரிய கோஷ்டிகளின் ரசிகர்கள் இந்தப் "பெயிண்ட் கோப்பை"யைக் கேலி செய்வது வழக்கம். அங்கே பாயிண்டு கழிப்பதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை. எல்லோரையும்போல் லூட்டனும் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம்! லூட்டன் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டியது. தெற்குப் பிரிவின் இறுதியில் பிரைட்டனைப் பெனால்டி உதையில் வென்று, வெம்பிளிக்குத் தகுதி பெற்றது.

2009 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை. எதிரே ஸ்கன்தார்ப், ஒரு டிவிஷன் மேலே உள்ள கோஷ்டி. மைதானத்தில் 55,378 பேர். அவர்களில் 40,000-க்கு மேற்பட்டவர்கள் லூட்டனுக்காக வந்தவர்கள். கெனில்வொர்த் ரோடு மைதானத்தை நாலு முறை நிரப்பக்கூடிய கூட்டம்! சுமார் 2 லட்சம் ஜனத்தொகை உள்ள ஊர் அது. அன்று லூட்டன் வீதிகளில் காக்கைகூடப் பறந்திருக்குமோ என்னவோ.

லீக் நிர்வாகத்தின் தலைவர் மாஹின்னி பிரபு, ஒரு காலத்தில் மந்திரியாக இருந்தவர், தலை காட்டியதும் அந்த 40,000 தொண்டைகளும் கிளப்பிய கூச்சல் வெம்பிளியைக் கிடுகிடுக்க வைத்தது. மரியாதைக் குறைவுதான், சந்தேகமில்லை. ஆனால் மேல்முறையீடு செய்ய வேறு கோர்ட்டு இல்லாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

ஆட்டம் தொடங்கிக் கால் மணி ஆவதற்குள் ஸ்கன்தார்ப்பின் கேரி ஹூப்பர் கோல் போட்டார். வழக்கமான விதி என்று சிலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நார்விச்சிலிருந்து இரவல் வாங்கி வந்த கிறிஸ் மார்ட்டின் அதைச் சமன் செய்தார். 70-வது நிமிஷத்தில் டாம் கிராடக் அடித்த கோலோடு லூட்டன் 2-1. கோப்பை கைக்கு எட்டிவிட்டது. 88-வது நிமிஷத்தில் கிராண்ட் மக்கான் அதை வாயிலிருந்து தட்டிவிட்டார். 2-2.

கூடுதல் நேரம். 95-வது நிமிஷம். வலது பக்கத்து ஆட்டக்காரர் கிளாட் க்னாக்பா பந்தைப் பிடித்து முன்னே பாய்ந்தார். தடுக்க வெளியே வந்த கோல் கீப்பரின் தலைக்கு மேலே அதை மெதுவாகத் தூக்கிவிட்டார். அது அவசரமே இல்லாமல் மேலே எழும்பி, வளைந்து, காலியாகக் கிடந்த கோலுக்குள் இறங்கியது. 3-2. இருபத்தொரு வருஷத்துக்கு முன் ஆர்ஸனலை வென்ற அதே எண்ணிக்கை! அன்று மைதானத்தில் ஆடிய ஹார்போர்டு இன்று ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள்

கோப்பை ஊருக்கு வந்தது. ஏப்ரல் 13, ஈஸ்டர் திங்கட்கிழமை. வெம்பிளிக்கு எட்டாம் நாள். உள்ளூரில் செஸ்டர்பீல்டோடு லீக் பந்தயம். இரு தரப்பும் கோல் போடவில்லை. 0-0. அந்த டிராவோடு கணக்கு முடிந்தது. இனி எஞ்சிய பந்தயங்களையெல்லாம் ஜயித்தாலும் தப்ப முடியாது. 1920 முதல் 89 வருஷம் லீகில் இருந்த லூட்டன் தெருவுக்கு வந்தது. மூன்று வருஷத்தில் மூன்று படி.

இதில் இன்னொரு வேடிக்கை. கோப்பையை வென்றவர் மறு வருஷம் அதைக் காத்துக்கொள்ள ஆட வேண்டும். ஆனால் அந்தப் பந்தயம் லீக் கோஷ்டிகளுக்கு மட்டும்தான். லீகில் இல்லாத லூட்டனுக்கு அதில் நுழைய அனுமதி இல்லை! தோற்காமலே கோப்பையை இழந்தார்கள்.

ரசிகரின் கூட்டல் கழித்தல்

அந்தப் பருவத்தின் கடைசிப் பட்டியலை வைத்துக்கொண்டு லூட்டன் ரசிகர்கள் போடும் கணக்குகள் ஏராளம். 13 ஜயம், 17 டிரா, 16 தோல்வி. உழைத்தது 56, கையில் நின்றது 26. தப்பிப் பிழைத்தவர்களில் கடைசியான கிரிம்ஸ்பிக்கு 41. கூடவே வெளியேறிய செஸ்டருக்கு 37. பாயிண்டே கழிக்காதிருந்தால் லூட்டன் கிரிம்ஸ்பியை விட 15 பாயிண்டு மேலே, கௌரவமாக நடுவில் நின்றிருக்கும்.

கால்பந்துச் சங்கத்தின் 10 மட்டும் என்றால்? 46. தப்பியிருப்பார்கள். லீகின் 20 மட்டும் என்றால்? 36. செஸ்டருக்கும் கீழே, கடைசி இடமேதான். இனி, ரோதர்ஹாமுக்கும் போர்ன்மவுத்துக்கும் கழித்தது போல் 17-ஐ மட்டும் கழித்திருந்தால்? 39. கிரிம்ஸ்பிக்கு 2 பாயிண்டு குறைவு. அப்போதும் வெளியே!

இந்தக் கடைசிக் கணக்கை லூட்டன் ரசிகர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. அநியாயம் நடந்தது என்ற பேச்சுக்கு அது கொஞ்சம் இடைஞ்சல். அந்த 17 டிராக்களில் 8-ஐ ஜயமாக மாற்றியிருந்தால் 30 கழித்த பிறகும் 42 பாயிண்டோடு தப்பியிருக்கலாம் என்பதும் கணக்குத்தான். 17 கழித்த ரோதர்ஹாம் 58 பாயிண்டோடு பத்திரமாக முடித்தது. போர்ன்மவுத், 31 வயதான எட்டி ஹவ் என்ற மானேஜரை நடுவழியில் நியமித்து, 46 பாயிண்டோடு கரையேறியது; ஆறே வருஷத்தில் பிரீமியர் லீகுக்கும் போய்விட்டது.

ஆனால் ரசிகரிடம் இதற்குப் பதில் இருக்கிறது. அது பலவீனமான பதிலுமல்ல. 17 என்பது ஏறக்கூடிய சுவர். 30 என்பது மலை. கரை கண்ணுக்குத் தெரிந்தால் நீந்துகிறவன் கை வீச்சே வேறு. கரையே தெரியாத நடுக்கடலில் விட்டுவிட்டு, "இன்னும் வேகமாக நீந்தியிருக்கலாமே" என்று கேட்பது முறையா? 13 ஜயமும் 17 டிராவும் எந்த மனநிலையில் வந்தவை என்பதைப் பட்டியல் சொல்லாது.

திரும்பி ஏறிய வழி

கான்பரன்ஸில் லூட்டன் ஐந்து வருஷம் கிடந்தது. ஒரு வருஷத்தில் திரும்பிவிடுவோம் என்று நினைத்தவர்கள் முதல் மூன்று வருஷமும் வாசல் வரை வந்து திரும்பினார்கள். 2010-ல் யார்க்கிடம், 2011-ல் ஏ.எப்.ஸி. விம்பிள்டனிடம் பெனால்டி உதையில், 2012-ல் மறுபடி யார்க்கிடம். 2013 ஜனவரியில், லீகிலேயே இல்லாத நிலையில், பிரீமியர் லீக் கோஷ்டியான நார்விச்சை அதன் சொந்த மைதானத்தில் 1-0 என்று வென்று எப்.ஏ. கோப்பைப் பந்தயத்திலிருந்து விரட்டினார்கள். கடைசியில் 2013-14 பருவத்தில் 101 பாயிண்டு எடுத்துத் திரும்பினார்கள். யாராவது மறுபடி 30-ஐக் கழித்திருந்தால்கூட 71 மிஞ்சியிருக்கும் என்று ரசிகர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த 2014-ல் இன்னொரு காரியமும் நடந்தது. ஜயங்களை விட அதுவே பெரிது. கோஷ்டியின் பெயர், நிறம், சின்னம், பட்டப்பெயர் ஆகியவற்றின் மேலுள்ள உரிமையை ரசிகர் சங்கத்தின் பொறுப்பில் எழுதி வைத்தார்கள். நாளைக்கு எந்தப் பணக்காரர் வந்து கோஷ்டியை வாங்கினாலும், ரசிகர்கள் சம்மதமில்லாமல் தொப்பிக்காரர்களின் பெயரை மாற்ற முடியாது. பெஞ்சி யாருடையது என்ற கேள்விக்கு, ஒரு பாதிக்காவது பதில் எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் படி படியாக ஏறினார்கள். 2018-ல் ஒன்று, 2019-ல் ஒன்று. 2019-ல் பருவத்தின் நடுவில் மானேஜர் விட்டுப் போனபோது தாற்காலிகமாகப் பொறுப்பேற்று, மூன்றாவது டிவிஷனின் முதல் இடத்தை வாங்கிக் கொடுத்தவர் வேறு யாருமல்ல, மிக் ஹார்போர்டுதான். 2023 மே 27-ந் தேதி வெம்பிளியில் கவென்ட்ரியைப் பெனால்டி உதையில் 6-5 என்று வென்று பிரீமியர் லீகுக்குள் நுழைந்தது லூட்டன். கான்பரன்ஸ் நாளில் சேர்ந்த பெல்லி ரட்டக் எம்பான்ஸு, ஒரே கோஷ்டியோடு ஐந்தாம் படியிலிருந்து முதல் படி வரை ஒவ்வொன்றிலும் ஆடிய முதல் ஆட்டக்காரர் ஆனார். கொடியில் துணி காயும் அந்த வாசல் வழியாக உலகப் புகழ் பெற்ற கோஷ்டிகளின் ரசிகர்களெல்லாம் நுழைந்தார்கள்.

மற்றவர் வீட்டு இடி

2023-24 பருவத்தில் லூட்டன் ரசிகருக்கு ஒரு சோதனை வந்தது. அந்த வருஷம் பாயிண்டு கழிவு வேறு வீடுகளில் விழுந்தது. செலவு வரம்பை மீறியதற்காக எவர்டனுக்கு இரண்டு தவணையாக மொத்தம் 8 பாயிண்டு. நாட்டிங்ஹாம் பாரஸ்டுக்கு 4. இரண்டும் லூட்டனோடு சேர்ந்து பட்டியலின் அடியில் தத்தளித்த கோஷ்டிகள். எவர்டனின் பாயிண்டு பறிபோனால் லூட்டன் பிழைக்கலாம். பாரஸ்டு இறங்கினால் லூட்டன் தங்கலாம்.

2009-ல் "குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனை ரசிகனுக்கா?" என்று கேட்டவர்கள் இப்போது என்ன சொல்வது? எவர்டன் மைதானத்தில் உட்கார்ந்திருக்கும் ரசிகரும் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்தானே! ஆனால் அந்தக் கோஷ்டிகள் கூடுதலாகச் செலவு செய்தபோது லூட்டன் சிக்கனமாகத்தானே இருந்தது? கடைக்காரரின் கட்சியை முன்பு கேட்க மறுத்த ரசிகர், இப்போது அதே கட்சியில் நின்று பேச வேண்டிய நிலைமை.

தீர்ப்புச் சொல்லும் சிரமத்தை அவருக்கு வைக்காமல் பட்டியலே முடிவு சொல்லிவிட்டது. கழிவெல்லாம் போக எவர்டனுக்கு 40, பாரஸ்டுக்கு 32. இருவரும் தப்பினார்கள். லூட்டனிடமிருந்து அந்தப் பருவத்தில் யாரும் ஒரு பாயிண்டுகூடக் கழிக்கவில்லை. 38 பந்தயங்களில் சம்பாதித்ததெல்லாம் அப்படியே கைக்கு வந்தது. பதினெட்டாவது இடம்; பிரீமியர் லீகிலிருந்து இறக்கம். அடுத்த வருஷம், 2025-ல், மூன்றாவது டிவிஷனுக்கு இன்னொரு இறக்கம்.

லூட்டன் ரசிகர் 2009-ம் வருஷத்துப் பட்டியலையும் 2024-ம் வருஷத்துப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முன்னதில் நாலாவது டிவிஷன், பின்னதில் முதல் டிவிஷன். முன்னதில் 30 போக மிஞ்சியது; பின்னதில் முழுசாகச் சம்பாதித்தது. இரண்டிலும் லூட்டன் பெயருக்கு நேரே அச்சாகியிருக்கும் எண் 26.